மீன் சாப்பிடும் சைவச் சம்பந்தி

லிஸ்பனிலிருந்து என் சம்பந்தியம்மா திருவண்ணாமலை பார்க்க வருகிறார் என்று மகன் அருண் தொலைபேசியில் சொன்னபோது, கூடவே ஒரு தகவலும் தந்தான். "அத்தைகிட்ட மறக்காம சொல்லிடும்மா, அவங்க வெஜிடேரியன்." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் பயணம் கிளம்பினேன். என் கணவர் அதைக்கூட நம்பவில்லை. கிளம்புகிற அன்று காலையில் அவருக்குச் சரியாக முட்டி வலி வந்துவிட்டது. தன் அக்காவைப் பார்க்கப் போகவேண்டிய நாளில் மட்டும் வருகிற முட்டி வலி அது.

அந்த அக்காதான் அருணின் அத்தை, என் நாத்தனார் சரோஜா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு. வேலை மாற்றலில் நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அருணுக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, அடித்து, கொஞ்சி வளர்த்தவர் அவர். அவன் வெளிநாடு கிளம்பியபோது, "நல்லபடியா இவனுக்குக் கல்யாணம் ஆவட்டும், அதுவரைக்கும் மீனு தொடமாட்டேன்" என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டார். ஆட்டுக்கறியும் கோழியும் அவருக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. உயிரை விடுவது மீனுக்கு மட்டும்தான். அதையும் விட்டதும் அவர் முழுச் சைவமாகிவிட்டார்.

அருண் என்ன செய்தான்? லிஸ்பனில் ஏதோ பதிவு அலுவலகத்தில் தெரேசாவைக் கல்யாணம் செய்துகொண்டு, மறுநாள் படம் அனுப்பினான். எனக்கும் அதே படம்தான். நான் கொஞ்ச நாள் அழுதுவிட்டு விசாவுக்கு விண்ணப்பித்தேன். அண்ணி அழவில்லை. "எந்தக் கல்யாணம்? நான் பாக்கலியே" என்றார். அவர் பார்க்காத கல்யாணம் நடக்காத கல்யாணம். கல்யாணம் நடக்காதவரை வேண்டுதல் முடியாது, வேண்டுதல் முடியாமல் மீன் தொட முடியாது. அன்றிலிருந்து அவர் மீனையும் தொடவில்லை, அருணோடு பேசவும் இல்லை.

வருகிற தை மாதம் என் பேத்திக்கு அண்ணாமலையார் கோயிலில் முதல் மொட்டை போடவேண்டும், அத்தை வீட்டில்தான் இறங்கவேண்டும் என்று அருணுக்கு ஆசை. "அத்தை வீட்டு வாசப்படி ஏறாம மொட்டை எதுக்கும்மா?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்துபோயிற்று. அந்த வாசலைத் திறக்கத்தான் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மருமகளின் அம்மா, கடல் தாண்டி வந்த விருந்தாளி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சைவம். அண்ணி எப்படிக் கதவைச் சாத்துவார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

செஞ்சியை நெருங்கும்போது பேருந்தின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "பத்தே நிமிஷம்ங்க" என்றார் நடத்துநர். பத்தே நிமிஷம் என்றால் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு தூக்கமும் போடலாம் என்று நமக்குத் தெரியும். எதிரிலேயே 'உயர்தர சைவ உணவகம்' என்று பெரிய பலகை. சம்பந்தியை அழைத்துப்போய் மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்தேன்.

என் சம்பந்தியின் பெயர் இசபெல். மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, நல்ல உயரம், அதற்கேற்ற பசி. எங்கள் இருவருக்கும் பொதுமொழி, ஆளுக்குப் பாதி தெரிந்த ஆங்கிலம். சர்வர் வந்ததும் இசபெல் சிரித்த முகத்தோடு கேட்டார். "இன்று என்ன மீன் இருக்கிறது?"

"மேடம், இது ப்யூர் வெஜ்" என்றார் சர்வர்.

"தெரியும். நானும் வெஜிடேரியன். அதனால்தான் மீன் கேட்கிறேன்."

சர்வர் என் பக்கம் திரும்பினார். "இன்னாங்க சொல்றாங்க?"

"வெயில்" என்றேன்.

எனக்கு வியர்த்துவிட்டது. லிஸ்பனில் ஒரு வெள்ளிக்கிழமை நான் சைவம் என்று சொன்னதற்கு, தட்டு நிறைய கீரை போட்டு அதன்மேல் மீனைப் பிய்த்துத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். அது அந்த ஊர்ச் சர்வரின் அறியாமை என்று நினைத்திருந்தேன். அது அந்த நாட்டின் கொள்கை என்று செஞ்சியில்தான் புரிந்தது. இட்லி வருவதற்குள் சம்பந்தியை விசாரித்தேன்.

"கோழி?"

"ஐயோ, பாவம்."

"ஆடு?"

"அதன் கண்ணைப் பார்த்தால் மனம் வராது."

"மீனுக்கும் கண் இருக்கிறதே?"

"இருக்கிறது. ஆனால் அது நம்மைப் பார்ப்பதில்லை" என்றார் இசபெல்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டுச் சைவமும் கிழமையைப் பொறுத்தது. திங்கள், வெள்ளி, சனி கூடாது. அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷம் கூடாது. புரட்டாசி முழுக்கக் கூடாது. மிச்சமிருக்கிற நாட்களில் கசாப்புக் கடை வாசலில் எங்களை விட்டால் ஆளில்லை. ஆனால் அண்ணியிடம் இந்தத் தத்துவமெல்லாம் எடுபடாது. வேங்கிக்கால் வீட்டில் மீன் என்ற சொல்லே வாயிலிருந்து வரக்கூடாது என்று இசபெலிடம் சொன்னேன். "அவர்களுக்கு மீன் ஒவ்வாமையா?" என்று கவலையோடு கேட்டார். ஆமாம் என்றேன். அவர் செவிலியர், உடனே புரிந்துகொண்டார்.

வேங்கிக்காலில் அண்ணியின் கணவர் தேவராஜ் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூரில் கொஞ்சம் நிலம் உண்டு. ஞாயிறு தவறாமல் அங்கே மோட்டார் பார்க்கப் போவார். அந்த மோட்டார் பழுதானதாக நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கிறார்கள் என்பது மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருமுறை தொண்டையில் முள் சிக்கி மருத்துவரிடம் போனபோதும் மோட்டார் என்றுதான் சொன்னாராம்.

அண்ணி சம்பந்திக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "இவ்ளோ தூரம் வர வழி தெரிஞ்சவங்களுக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லத் தெரியலியான்னு கேளு."

"பயணம் வசதியாக இருந்ததா என்று கேட்கிறார்" என்றேன் இசபெலிடம்.

"பேருந்து சூடாகிவிட்டது" என்றார் இசபெல்.

"சொல்லாதது தப்புதானாம் அண்ணி. மனசு சுடுதாம்" என்றேன். அண்ணியின் முகம் கொஞ்சம் இளகியது. அண்ணனுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மதிய இலையில் சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அண்ணி தன் பெருமைக்குரிய பதார்த்தத்தைக் கொண்டுவந்தார். வாழைக்காயைச் சாய்வாகச் சீவி, மீன் மசாலா தடவி, தோசைக்கல்லில் சிவக்க வறுத்தது. மீன் துண்டின் வடிவம், மீன் துண்டின் நிறம், ஓரத்தில் கருகல் கூட மீனைப் போலவே. மீனை விட்டவர்கள் வீட்டில்தான் மீனைப் பற்றி இவ்வளவு யோசிப்பார்கள்.

இசபெலின் கண் விரிந்தது. இவர்களே மீன் வைத்த பிறகு இனி எதை மறைக்க வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். அது நியாயம்தான். "ஓ, ஃபிஷ்!" என்று கை கூப்பினார். "நான் வெஜிடேரியன். ஆனால் மீன் சாப்பிடுவேன். தினமும் சாப்பிடுவேன்!"

அண்ணிக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதும். கரண்டி பாதியில் நின்றது. இசபெல் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, குழம்பி, ஏமாந்தவர் போல என்னைப் பார்த்தார். "இது காய்" என்றார் மெதுவாக.

சமையலறையில் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். "சைவம்னு சொன்னியே லதா?"

"அவங்க ஊர்ல மீனுன்னா கறி இல்லையாம் அண்ணி."

"கறி இல்லன்னா இன்னா? கத்திரிக்காயா?" குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அன்னிக்குக் கல்யாணத்த மறைச்சான். இன்னிக்கு மீன மறைக்கிறான். இந்தப் பையன் வாய்ல வர எதையும் நம்பறதுக்கில்ல. தையில வந்தா லாட்ஜ்ல ரூம் போட்டுக்கச் சொல்லு."

கூடத்துக்கு வந்தேன். என்ன சொன்னார் என்று இசபெல் கேட்டார். "தை மாதம் இங்கே இடநெருக்கடி அதிகம் என்கிறார்" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் பல் விளக்கக் கொல்லைப்பக்கம் போனபோது, மாடிப்படியின் அடியில் அந்தச் சட்டியைப் பார்த்தேன். அண்ணியின் மீன் சட்டி. எங்கள் பக்கத்தில் மீனுக்கென்று தனியாக ஒரு மண்சட்டி இருக்கும். அதில் வேறு எதையும் வைக்கமாட்டார்கள், அதை அடுப்படிக்குள்ளும் விடமாட்டார்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த சட்டி தூசும் ஒட்டடையுமாக அல்லவா இருக்கவேண்டும்? இது எண்ணெய் தடவித் துடைத்து, கவிழ்த்து, மேலே ஒரு துணியும் போர்த்தியிருந்தது. மீனை வெறுத்தவர் செய்கிற வேலை இல்லை இது. கல்யாணத்தை நம்பாதவர் செய்கிற வேலையும் இல்லை. ஆனால் சட்டியைப் பார்த்ததாகச் சொன்னால் மறுநாளே உடைத்துப் போடுகிற ஆள் அண்ணி. வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி வாய் திறக்காத வீட்டில் உட்கார்ந்திருப்பதை விட வெளியே போவது மேல் என்று இசபெலை ஊர் சுற்றக் கூட்டிப்போனேன். ஆசிரமங்கள் இருக்கிற பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கான கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் பால் இல்லாத காப்பி, வெண்ணெய் இல்லாத கேக், சர்க்கரை இல்லாத பாயசம். இவை இல்லாததற்குத்தான் அங்கே மதிப்பு ஜாஸ்தி. இசபெல் அங்கேயும் மீன் கேட்டார். பக்கத்து மேசையில் ஜடாமுடியோடு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, மீன் தின்பவர் தன்னைச் சைவம் என்று சொல்லிக்கொள்வது பாவம் என்று நீண்ட உபதேசம் செய்தார். இசபெல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் செருப்பு மாட்டுத்தோல்தானே?" என்றார். அவர் தன் கேக்கைத் தேடிப் போய்விட்டார்.

வெளியே தேநீர்க் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒருத்தன் பால் வேணாங்கறான், பசு பாவமாம். ஒருத்தி தேன் வேணாங்கறா, தேனீ பாவமாம்."

"டீக்கடக்காரன் பாவம்னு எவனாவது சொல்றானா பாரு" என்றார் கடைக்காரர். நான் மொழிபெயர்த்தேன். இசபெல் அவருக்காகவே இரண்டாவது டீ குடித்தார்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அண்ணி ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றுகிறவர். வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம் என்று விடியற்காலையிலேயே நான்கு பேரும் கிளம்பினோம். கோயில் வரை ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேரும், மீதி இடத்தில் ஒரு பூக்கூடையும். லிஸ்பனில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே 'மன்னிக்கவும்' என்பார்கள். இங்கே ஒரு அம்மாள் இசபெலின் மடியிலேயே தன் பையை வைத்துவிட்டு நிம்மதியாகப் பூ கட்டத் தொடங்கிவிட்டார்.

நடக்கத் தொடங்கும்போது இசபெலும் செருப்பைக் கழற்றிவிட்டார். "போட்டுக்கச் சொல்லு, காலு கொப்பளிச்சுடும்" என்றார் அண்ணி. இரண்டு நாளில் அவர் சம்பந்தியைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. இசபெல் மறுத்துவிட்டார். தங்கள் ஊரில் மாதா கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர்கள் முழங்காலிலேயே நடப்பார்கள், இது ஒன்றும் பெரிதில்லை என்றார்.

"முட்டி போட்டா?" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு இரண்டு முறை திரும்பி இசபெலின் காலைப் பார்த்தார்.

அடி அண்ணாமலை வரும்போது எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கூழ்க்கடை பெஞ்சில் சாய்ந்து, கண்ணை மூடி, எனக்கு எப்போது முட்டி வலி வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே அன்னதானப் பந்தலில் எலுமிச்சை சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இசபெல் தொன்னையை வாங்கிக்கொண்டு வந்து, "வெள்ளிக்கிழமையா? எங்கள் ஊரில் இது மீன் நாள். விரதம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் அண்ணன் முந்திக்கொண்டார். மீன் விஷயத்தில் அவர் ஒரு சொல்லையும் கீழே விடமாட்டார். "சரோஜா, அவங்க ஊர்ல விரதத்துக்கே மீனாம்!"

"விரதத்துக்கா?" அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப விரதம் முடிச்சுட்டு இன்னா துன்னுவாங்க, யானையா? ஏன் கறி மட்டும் துன்னலன்னு கேளுங்க."

அண்ணன் கேட்டார். இசபெல் தொன்னையைக் கீழே வைத்தார். தெரேசா சின்னப் பெண்ணாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி மூச்சுவிட முடியாமல் கிடந்தாளாம். தான் வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே, தன் கண்ணெதிரிலேயே. மற்றவர்களின் குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டவர், தன் குழந்தைக்கு மட்டும் வேறொருவரைப் போடச் சொன்னாராம். இவள் பிழைத்தால் என் ஆயுசுக்கும் இறைச்சி தொடமாட்டேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாராம். "மீனை மட்டும் கேட்காதே, அது என்னால் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். மாதா ஒப்புக்கொண்டாள்."

அண்ணன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி முடித்தார். அண்ணி கூழை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"சாமிகிட்டயே பேரம் பேசியிருக்கா" என்றார் கடைசியில். பிறகு, "மீன விட முடியாதுதான். எனக்குத் தெரியாதா?" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் மொழிபெயர்க்கவில்லை. மீதி வழி முழுக்க அண்ணி நடையைக் குறைத்து இசபெலோடு சேர்ந்தே நடந்தார்.

சனிக்கிழமை காலையில் அண்ணி தேதி காலண்டர் முன்னால் நின்று தாளைக் கிழிக்காமல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு சனி, ஆவாது. நாளைக்கு ஒண்ணும் இல்ல. கிருத்திகை இல்ல, பிரதோஷம் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

என்ன பார்க்கிறார் என்று இசபெல் கேட்டதும், எங்கள் சைவக் கால அட்டவணையை விளக்கினேன். பௌர்ணமிக்கு மீன் தின்னக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை தின்னலாம் என்றேன். இசபெலும் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "அன்று என்ன கிழமை என்று மீனுக்குத் தெரியுமா?" என்றார்.

அண்ணி தன் கணவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மோட்டார் பாக்கப் போவீங்க இல்ல?"

"போவணும்" என்றார் அண்ணன் ஜாக்கிரதையாக.

"போனா ரெண்டு கிலோ மோட்டார் வாங்கினு வாங்க. விரால் மோட்டாரா பாத்து."

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன். "அப்ப வேண்டுதல், அண்ணி?"

"கல்யாணத்த நான் பாக்கலதான். பொண்ணப் பெத்தவளப் பாத்துட்டேன்ல? புள்ளைக்காக இத்தினி வருசம் வாயக் கட்டினவ வளத்த பொண்ணு, அது நல்லபடியா ஆன கல்யாணந்தான்" என்றார். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டியை உருட்டும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் செங்கல் கூட்டி, விறகு வைத்து, அண்ணி மீன் குழம்பு வைத்தார். புளியும் மிளகாயும் கொதிக்கிற மணத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வேங்கிக்கால் சரோஜா வீட்டில் மீன் என்றால் சும்மாவா? இசபெல் விராலை வாலோடு தூக்கிப் பார்த்து, எந்தத் தண்ணீர், எப்போது பிடித்தது என்று அண்ணனிடம் விசாரித்தார். மோட்டார் பற்றி இவ்வளவு ஆர்வமாக அண்ணனிடம் யாரும் பேசியதில்லை.

முதலில் சம்பந்திக்குப் பரிமாறினார்கள். இசபெல் குழம்பில் கையை விட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். காரமா, மீனா என்று தெரியவில்லை. பிறகு அண்ணி தனக்கு ஓர் இலை போட்டு, நடுத்துண்டம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. "அவனுக்கு போன் போடு" என்றார் என்னிடம்.

லிஸ்பனில் அப்போதுதான் விடிந்திருந்தது. திரையில் அருண், தூக்கக் கலக்கமும் கலைந்த தலையுமாக. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். அண்ணி ஒரு துண்டு விராலைப் பிட்டு, முள்ளை நீக்கி, அவன் பார்க்க வாயில் போட்டு மென்றார்.

அருணுக்குப் புரிய அவ்வளவு போதும். "அத்தை" என்றான். சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதான். பின்னாலிருந்து தெரேசா குழந்தையோடு ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டாள்.

அண்ணியின் கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனால் மெல்லுவதை நிறுத்தவில்லை. "மீனு துன்னும்போது பேசக் கூடாதுடா. முள்ளு மாட்டிக்கும். தையில பொண்டாட்டியையும் கொழந்தையையும் கூட்டினு நேரா நம்ம வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று இசபெல் என் கையைப் பிடித்துக் கேட்டார். இந்தப் பயணத்தில் முதல் முறையாக, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அண்ணி சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.